வெறியா, வேறா?

பக், சிவாவா போன்ற சின்ன நாய்களுக்கு வரும் மூளை அழற்சியை நேற்று முளைத்த நோய் என்று சொல்லிவிடுவது எளிது. கோலார் தங்கவயலிலிருந்து பார்த்தால் கதை வேறு. ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய அந்த ஊரில் நெடுங்காலம் நாயின் மூளையிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: வெறியா, இல்லையா? அதையும் நாய்க்காக யாரும் கேட்கவில்லை, கடிபட்ட மனிதனுக்காகக் கேட்டார்கள். 1903-இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி, வெறிநாயின் நரம்பணுக்களுக்குள் சாயம் ஏறும் சிறு திட்டுகளைக் கண்டார். அவற்றைத் தேட நாய் செத்திருக்க வேண்டும். 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்த முதல் ஆண்டுகளில், தங்கவயல்காரர் ஊசி போட மாரிக்குப்பத்தில் ரயிலேறி, அன்று பவுரிங்பேட்டை எனப்பட்ட பங்காருபேட்டை, ஜோலார்பேட்டை, மேட்டுப்பாளையம் என்று மாறி மாறி மலையேற வேண்டும். இவ்வளவு தூரம் போகிறவருக்கு வேண்டியது ஒற்றை விடை. நெக்ரி திட்டு தெரியவில்லை என்றால் வெறி இல்லை என்றும் ஆகிவிடாது. வெறி கண்ட மூளைகள் பலவற்றிலும் அது அகப்படுவதில்லை. ஒளிரும் சாயச் சோதனை 1958-இல் வந்த பிறகுதான் அந்த ஐயம் குறைந்தது. அப்போதும், வெறியில்லை என்று தெரிந்த நாய் எதனால் செத்தது என்று தேட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

வெறிநோய் கண்டால் சாவு நிச்சயம் என்ற நிலையில் வேறு நோயைத் தேட யாருக்கு நேரம் என்று கேட்கலாம். நியாயமே. ஆனால் கிருமியே இல்லாமலும் மூளை அழலும் என்பதை மருத்துவம் அறிந்ததே அந்த வெறிநோய் ஊசியால்தான். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய மருந்தில் விலங்கின் மூளைத்திசு கலந்திருந்தது; போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கியது. 1933-இல் அமெரிக்காவில் ரிவர்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு மூளைச்சாறு செலுத்தி இதே விளைவைக் காட்டினார்கள். மனிதனிடம் தெரிந்த உண்மையை நாயிடம் பொருத்திப் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது: பக் நாய்களில் மூளையைச் சிதைக்கும் அழற்சியை கார்டியும் ஹாலிடேயும் விரிவாக எழுதியது 1989-இல். அது மரபில் ஓடும் நோய், தெருநாய்க்கு ஏது என்றும் சொல்வார்கள். பக் வகைக்கு அது பொருந்தும். ஆனால் கிருமியில்லாத மூளை அழற்சியின் வேறு வகைகள் டெரியர், பூடில், கலப்பினம் என்று பலவற்றைப் பிடிக்கின்றன. நெக்ரி திட்டு தேடிய அந்தக்கால மூளைத்துண்டுகளில் அது இருந்தது என்று நான் சாதிக்கவில்லை. இல்லை என்று சாதிக்கவும் வழியில்லை. இன்று எம்.ஆர்.ஐ.யும் முதுகுத்தண்டு நீர்ச் சோதனையும் உயிருள்ள நாயிலேயே சந்தேகத்தை வெகுதூரம் குறைக்கின்றன. எந்த வகை என்று உறுதியாகச் சொல்ல மட்டும் இன்னமும் மூளைத்திசு வேண்டும். ஆனாலும் வலிப்போடு நாய் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது, வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு எங்கே என்றுதான்.