பலகைப் போரும் புள்ளலூர்க் களமும்

கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற காஞ்சி, போரையும் நெருங்கிக் கண்ட நகரமாகும். 8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மதிலில் பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. முடிசூட்டு விழாக்களுக்கிடையே போர்க்காட்சிகளும் அங்கே உள. யானையும் குதிரையும் காலாளும் சிற்றுருவங்களாய் நெருங்கி நிற்கின்றன. பெரும்போரைச் சிறிதாக்கிக் காணும் வேட்கை மனிதனுக்குத் தொன்மையானது. சிற்றுருவ வீரர்களை மேசைமீது நிறுத்தி ஆடும் போர் விளையாட்டும் அவ்வேட்கையின் ஒரு கிளையே. அதன் வரலாற்றைக் காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரின் வரலாற்றோடு இணைத்து நோக்கினால், போரைப்பற்றி ஆட்டம் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல மாட்டாது என்பது புலப்படும்.

நாற்படையும் பலகையும்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் ஏற்றிய சதுரங்கம் இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் வழியாக மேற்குத் திசை சென்றது. 7-ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதம், ஹர்ஷரின் ஆட்சியில் நாற்படையின் அணிவகுப்பு ஆட்டப்பலகையில் மட்டுமே காணப்பட்டது என்று சிலேடையாகப் புகழ்கிறது. நாட்டில் போரே இல்லை என்பது புலவர் கருத்து. ஆனால் அதே ஹர்ஷரை வென்ற சாளுக்கியர் இரண்டாம் புலிகேசி, தெற்கே பல்லவ நாட்டின்மீதும் படையெடுத்தார். பல்லவர் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினர் என்கிறது 634-ஆம் ஆண்டின் ஐகோளெக் கல்வெட்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. அப்பகைவர் சாளுக்கியரே என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். ஒரு படையெடுப்பு, இரு வெற்றியாளர்கள்! எழுதுவோன் எப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறானோ, அப்பக்கமே வெல்கிறது.

1780: களமும் மேசையும்

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே ஊர் மீண்டும் களமாயிற்று. 1780-ஆம் ஆண்டு ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தபோது, ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சியில் தங்கியிருந்தார். குண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை அவரோடு சேர வேண்டியிருந்தது. கொசத்தலையாற்று வெள்ளம் பெய்லியைச் சில நாள் தடுத்தது. செப்டம்பர் 6-ஆம் நாள் திப்பு அவரைப் பெரம்பாக்கத்தில் தாக்கினார். பீரங்கி ஓசை காஞ்சிவரை கேட்டது. ஆயினும் மன்றோ முழுப்படையோடு புறப்படாமல், கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். செப்டம்பர் 10-ஆம் நாள் ஐதரும் திப்புவும் புள்ளலூரில் பெய்லியைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். மன்றோ கனரகப் பீரங்கிகளைக் காஞ்சியின் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு நோக்கிப் பின்வாங்கினார். வென்றவரின் பார்வை சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரும் ஓவியமாயிற்று.

அதே 1780-இல், செருமானிய நாட்டுப் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்னும் ஆசிரியர், சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். மலை, நீர், சமவெளி ஆகியவற்றை நிறக் கட்டங்களால் காட்டிய பலகை அது. பின்னர்ப் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பார் அமைத்த ஆட்டமேசை 1812-இல் மன்னரின் பார்வைக்கு வந்தது. அவர் மகன் 1824-இல் அதனை வரைபடத்தின்மீது ஆடும் ஆட்டமாகத் திருத்தினார். இதில் இரு புதுமைகள் உண்டு. தாக்குதலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். இரு தரப்புக்கும் இடையே ஒரு நடுவர் இருப்பார்; களத்தில் ஒரு தளபதிக்குத் தெரியக்கூடியதை மட்டுமே அவர் அத்தரப்புக்குச் சொல்வார்.

சதுரங்கத்தில் எல்லாம் எல்லார்க்கும் தெரியும், போரில் அவ்வாறன்று. காஞ்சியில் இருந்த மன்றோவுக்குப் பீரங்கி ஓசை கேட்டது. வெல்வது யார், வீழ்வது யார் என அவ்வோசை சொல்லவில்லை. படைகளைப் பிரித்து வைத்தல் தவறு என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் எழுதிவிடும். அறியாமையினூடே முடிவெடுக்கும் துன்பத்தை நடுவர் வைத்த ஆட்டமே உணர்த்தும். இவ்விளையாட்டின் மெய்யான பயன் இதுவே.

பொம்மையும் பெயரும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈய வீரர் பொம்மைகள் மலிவாயின. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘சிறிய போர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆட்டவிதி நூல் வெளியிட்டார். பெரும்போர் எத்துணைக் கொடியது என்பதற்கு இச்சிறு போரே சான்று என்னும் கருத்தோடு அந்நூல் முடிகிறது. மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. இன்று மைசூர்ப் படையினரையும் கும்பினிச் சிப்பாய்களையும் விரலளவு உருவங்களாக வார்த்து விற்கின்றனர். ஒரு பொம்மை இருபது வீரருக்கு ஈடு என்பது இத்தகைய ஆட்டங்களில் வழங்கும் கணக்குகளுள் ஒன்று. நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பெய்லியின் படை அக்கணக்கில் இருநூறு பொம்மைகளுக்குள் அடங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் வீழ்ந்த பொம்மைகள் எழுந்து பெட்டிக்குள் செல்லும். புள்ளலூரில் வீழ்ந்தோர் எழவில்லை.

அவருள் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். 1781 ஆகஸ்டு 27-இல் அங்கே நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத் தூண்கள் உள்ளன. அத்தூண்கள் சிப்பாய்களின் பெயரைத் தாங்கவில்லை. ஆனால் தமிழ் மரபு வேறு வழி அறிந்தது. மகேந்திரவர்மன் காலத்துச் செங்கம் வட்டார நடுகற்கள் ஆநிரை மீட்டு மாண்ட எளிய வீரரைப் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. எடுத்தனூர் நடுகல்லோ, கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. புள்ளலூரில் அரசன் பெற்ற வெற்றியைச் செப்பேடு சொல்லிற்று. அதே அரசன் காலத்தில் ஒரு நாயின் பெயரைக் கல் காத்தது.

படை எவ்வாறு நகர்ந்தது என்பதை மேசை சொல்லும். நகர்ந்தவன் யார் என்பதைச் சொல்லும் பொறுப்பு நடுகல்லின் வழிவந்த கவிஞருடையது. புள்ளலூர்ச் சிப்பாய்க்கு இன்னும் கல் நடப்படவில்லை. சொல்லாலேனும் அதனை நடலாம்.