வகுப்பறையிலிருந்து அதிபர் கதிரைக்கு: மேற்படிப்பு எதற்கு?

பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்த பிறகு, ஒரு நாள் அதிபர் விடுமுறையில் நின்றதால் அலுவலகத்தைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தரம் 6இல் மகனைச் சேர்க்க வந்த தாயொருவர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தகப்பன் பற்றிய இடம் வந்ததும் பேனை நின்றுவிட்டது.

"ரீச்சர், இறந்தவர் எண்டு எழுதவோ, காணாமல் போனவர் எண்டு எழுதவோ?"

அட்சரகணிதம் எனக்குத் தெரியும். இதற்கு விடை தெரியவில்லை. அந்த வருடந்தான் கல்வி முதுமாணிக்கு விண்ணப்பித்தேன். அதே வழியில் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும், தங்கள் பிள்ளையின் அதிபர் எப்படி அதிபரானார் என்று அறிய விரும்பும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

அதிபராகும் வழி

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிசன்களினதும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்ற அமைப்புகளினதும் கையில் இருந்தன. முகாமைக்குப் பிடித்தவரே அதிபர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவற்றில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சிடமும் ஏனையவை மாகாணத்திடமும் இருக்கின்றன.

இன்று அதிபர் பதவிக்கான வாசல் இலங்கை அதிபர் சேவை. 2014ஆம் ஆண்டுப் பிரமாணக்குறிப்பின்படி அதில் மூன்று தரங்கள் உண்டு. சேவையிலுள்ள ஆசிரியர்கள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கும் முகங்கொடுத்து, மூன்றாம் தரத்துக்குள் நுழைகிறார்கள். முதுமாணிப் பட்டம் இருந்தால் மட்டும் இந்த வாசல் திறந்துவிடாது. அப்படியென்றால் ஏன் படிக்க வேண்டும்?

படிப்பு தந்தது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகியவை ஆசிரியர்களுக்கான பட்டப்பின் படிப்புகளை நடத்துகின்றன. பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெரும்பாலும் கற்பித்தலைப் பற்றியது. அதற்கு மேலே போகும்போதுதான் கல்வி நிருவாகம், திட்டமிடல், ஆய்வு முறை என்று பாடங்கள் விரிகின்றன. முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும்.

எனக்கு அதனால் மூன்று நன்மைகள் கிடைத்தன.

முதலாவது, இலக்கங்களை வாசிக்கும் பழக்கம். தரம் 9இல் அடிக்கடி வராத பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன். ஆய்வுக்காக ஒரு வருட வரவு இடாப்பை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் வராத நாட்களில் பெரும்பாலானவை வெங்காயம் நடும் காலமும் கிண்டும் காலமுமாக இருந்தன. தாய்க்குத் துணையாகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

இரண்டாவது, விதிகள். தாபன விதிக்கோவையும் நிதிப் பிரமாணங்களும் தெரியாத அதிபர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசில் ஒரு குழாய்க்கிணறு அடிக்கவும் பயப்படுவார். இல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, சக ஆசிரியரின் வகுப்பில் போய் இருந்து, அவர் மனம் நோகாமல் குறை நிறை சொல்லும் முறை. இதுதான் மிகக் கடினம்.

படிப்பில் இல்லாதது

உலகின் பல முன்மாதிரிகளைப் படித்தோம். இங்கிலாந்து 1997இல் அதிபர்களுக்கென ஒரு தகைமையைத் தொடங்கி, 2009இல் கட்டாயமாக்கி, 2012இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. சிங்கப்பூர் 2001இலிருந்து தெரிவு செய்யப்பட்டவர்களை முழுநேரமாகப் பயிற்றுவிக்கிறது. பாடசாலைக்குள் மாணவர் கற்றலைப் பாதிக்கும் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தது தலைமைத்துவமே என்று கனடிய ஆய்வாளர் கெனத் லீத்வுட்டும் அவரது குழுவினரும் 2004இல் எழுதினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் புத்தகங்களில் பாடசாலை என்பது ஓரிடத்தில் நிற்கும் ஒன்று. எங்கள் பாடசாலைகள் நடந்தவை. 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த நிலத்துக்குத் திரும்ப 2016 வரை காத்திருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. அதன் பிறகு ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொரு பாடசாலை.

சேர்வு இடாப்பையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன அதிபர்கள் இருந்தார்கள். மரத்தடியில் நேரசூசி போட்டார்கள். பெறுபேற்றுச் சான்றிதழைத் தொலைத்த பிள்ளைக்குக் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். நெருக்கடிகால முகாமைத்துவத்துக்கு இதைவிட வேறு பாடநூல் வேண்டாம். ஆனால் அது எழுதப்படவில்லை. அவர்களில் பலர் எழுபது எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள், சிலர் போய்விட்டார்கள்.

படிக்கப் போகிறவர்களுக்கு

ஆய்வுத் தலைப்பை வெளியே தேடாதீர்கள். உங்கள் பாடசாலையின் வரவு இடாப்பு, மூடப்படும் நிலையிலுள்ள தீவகத்துச் சிறிய பாடசாலை, ஓய்வுபெற்ற ஓர் அதிபரின் நினைவு, இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு. வாசிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். நாலைந்து பேராகச் சேர்ந்து பகிர்ந்து வாசித்தால் சமாளிக்கலாம். சம்பளப் படிக்காக மட்டும் படித்தால் சான்றிதழ் கிடைக்கும். பாடசாலைக்கு ஒன்றும் கிடைக்காது.

அந்தத் தாயின் கேள்வியை வகுப்பில் ஒரு விடயமாக வைத்தேன். அறையிலிருந்த அநேகமாக எல்லோரிடமும் அதே போன்ற கதை இருந்தது. ஒருவரும் அதுவரை வாய் திறந்து பேசியதில்லை. விடை என்று ஒன்று வரவில்லை. ஆனால் ஒன்றில் எல்லோரும் உடன்பட்டோம்: அந்த முடிவை எடுக்கும்படி ஒரு தாயைப் பாடசாலை வற்புறுத்தக் கூடாது.

அன்று நான் செய்தது இவ்வளவுதான். "அம்மா, அந்த இடத்தை விட்டுவிடுங்கோ. பாதுகாவலர் எண்ட இடத்தில உங்கட பெயரை எழுதுங்கோ" என்றேன். அவர் எழுதினார். அடுத்த நாள் காலை மகன் பாடசாலைக்கு வந்தான்.