ஆண்ட்வெர்ப் மாப்பிள்ளை

கத்திக்குத்து வாங்கியதால் அச்சுத் தொழிலுக்கு வந்தவர் கிறிஸ்தோஃப் பிளாந்தான். பிரான்ஸிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு (இன்றைய பெல்ஜியம்) பிழைக்க வந்தவர். பைண்டிங்கிலும் தோல் பெட்டி செய்வதிலும் கெட்டிக்காரர். 1555ல் ஓர் இரவு, செய்து முடித்த பெட்டியைக் கொடுக்கப் போனவரை, குடிபோதையில் இருந்த சிலர் வேறு யாரோ என்று நினைத்துக் குத்திவிட்டார்கள். கை பழைய வேலைக்கு ஒத்துழைக்கவில்லை. அச்சுக்கூடம் வைத்தார். வாசலில் தங்கக் கவராயப் பலகை.

பிளாந்தானுக்கு மகள்கள்தான். சும்மா விடவில்லை மனுஷன். ஐந்து மொழிகளில், எட்டுத் தொகுதிகளாக பைபிள் அச்சானபோது, பதின்மூன்று வயதுகூட ஆகாத மக்தலேனா எபிரேயமும் சிரியாக்கும் கிரேக்கமும் கலந்த புரூஃப் தாள்களைப் பதிப்பாசிரியர் வீட்டுக்குச் சுமந்துபோய், மூலத்தைப் படித்துக்காட்டுவாள். அர்த்தம் புரிந்ததா என்பது வேறு விஷயம். எழுத்தைச் சரியாக வாசித்தால் போதும்.

அந்த பைபிள் பெயர் வாங்கிக்கொடுத்தது; கடனையும்தான். சோறு போட்டது வேறு சரக்கு: ஸ்பெயின் ராஜ்ஜியத்துக்கான பூசைப் புத்தகங்களை அச்சிடும் உரிமை. பெரிய வீட்டுக் கல்யாணச் சமையலைவிட தினசரி இட்லிக் கடையில்தான் காசு என்பது அச்சுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1570களில் 16 அச்சு இயந்திரங்கள் வரை ஓடின. 1576ல் ஸ்பானியப் படைகள் ஊரைச் சூறையாடியபோது, பணம் கொடுத்துக் கொடுத்துத்தான் கடையைக் காப்பாற்றினார்.

1589ல் பிளாந்தான் இறந்ததும் ஆண்ட்வெர்ப் கடை, அங்கேயே வேலை பழகி மகள் மார்ட்டினாவைக் கட்டிய யான் மொரெட்டஸுக்கு வந்தது. இங்குதான் இந்தக் குடும்பத்தின் சாமர்த்தியம். அச்சுக்கூடத்தைப் பிள்ளைகளுக்குள் கூறு போடவில்லை; தலைமுறைதோறும் திறமையுள்ள ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்தார்கள். யானின் மகன் பல்தசாருக்கு வலது பக்கம் விளங்காது. இடது கையால் எழுதிக்கொண்டே கடையை நடத்தினார். முகப்புப் படம் வரைந்து கொடுத்தவரோ அவருடைய பால்ய நண்பர், ஓவியர் ரூபென்ஸ். படம் வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். விடுமுறை நாள்களில்தான் இந்த வேலையைத் தொடுவார்!

1764ல் ஸ்பெயின் உரிமை பறிபோனது. அதன்பின் பெயரளவுக்குத்தான் ஓட்டம். 1876ல் எட்வர்ட் மொரெட்டஸ் வீட்டையும் ஈய எழுத்துகளையும் கணக்குப் புத்தகங்களையும் நகராட்சிக்கு விற்றார். மறு வருடமே அது அருங்காட்சியகம். 1600 வாக்கில் செய்த இரண்டு மர அச்சு இயந்திரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. யாருக்கு எவ்வளவு கூலி என்று எழுதிய பேரேடுகளும் பத்திரம்.

(தொடரும்)