கனத்த துணிக்கையின் சாட்சியம்

1827ஆம் ஆண்டில் இரொபேட் பிறவுண் என்னும் தாவரவியலறிஞர் நுணுக்குக்காட்டியினூடாக நீர்த்துளியொன்றை நோக்கினார். மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்பொடிகள் அதில் ஓயாது தள்ளாடின. உயிரின் அசைவோ என ஐயுற்றவர், கற்றூளையும் இட்டுப் பார்த்தார். அதுவும் அவ்வாறே ஆடிற்று. 1905இல் ஐன்ஸ்டைன் அதற்கு விடை கூறினார். கண்ணுக்குப் புலனாகாத நீர் மூலக்கூறுகள் இடையறாது மோதுவதாலேயே பொடி அசைகின்றது. எனவே, ஆடும் பொடியைக் கொண்டு காணாத மூலக்கூறுகளை அறியலாம்.

எண்பது ஆண்டுகளின் பின் இவ்விடை வேறொரு துறையிற் பயன்பட்டது. புரோத்தனும் நியூத்திரனும் குவார்க்குகளால் ஆனவை; குவார்க்குகளைப் பிணைப்பவை குளுவோன்கள். பாரமான அணுக்கருக்கள் இரண்டு ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதினால், அப்பிணைப்பு அவிழ்ந்து, இவை கலந்த குழம்பு கணநேரம் தோன்றும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 2000ஆம் ஆண்டு முதல் பொன்னின் கருக்கள் இவ்வாறு மோதவிடப்பட்டன. அக்குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 4 இலட்சங் கோடி பாகை என 2010இல் அறிவிக்கப்பட்டது.

அத்தகைய வெப்பத்தில் எக்கருவியை இட்டு அளப்பது? குழம்பினுள்ளேயே பிறக்கும் ஒரு துணிக்கை சாட்சியாயிற்று. 1974இல் இரிச்சர், டிங் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே செய்த கண்டுபிடிப்பால் வெளிப்பட்ட சார்ம் குவார்க்கே அது. அதன் திணிவு புரோத்தனின் திணிவிலும் சற்று மிகுந்தது. மோதலின் முதற்கணத்திற் பிறந்து, குழம்பின் வரலாறு முழுவதையும் அது கடந்து செல்கின்றது.

1988இல் பென்ஜமின் ஸ்வெட்டிற்ஸ்கி இக்குவார்க்கைப் பிறவுணின் பொடியைப் போலக் கொண்டு கணித்தார். ஒவ்வொரு மோதலும் சிறு உதையே. மிகப் பல உதைகள் சேர்ந்தாலன்றிக் கனத்த துணிக்கையின் போக்கு மாறாது. திணிவு கூடக்கூட, அது பிறந்த வேகத்தை இழந்து சூழலோடு வெப்பச் சமநிலை அடையும் காலமும் நீளும். குழம்போ அதற்குள் விரிந்து குளிர்ந்துவிடக்கூடும். ஆதலின், கனத்த குவார்க்கு அதிகம் பாதிக்கப்படாது வெளியேறும் எனப் பலர் கருதினர்.

பரிசோதனை வேறு கூறிற்று. சார்ம் குவார்க்குகள் சத்தியை இழந்ததோடு, குழம்பின் பெருக்கோடும் இழுபட்டன. புரூக்ஹேவனிற் கண்ட இவ்வுண்மையை, ஜெனீவாவின் ஈயக்கரு மோதல்களும் 2013இல் உறுதிப்படுத்தின. உதைகள் எண்ணியதிலும் வலியவை. குழம்பு ஐதான வாயுவன்று, நெருங்கிய திரவம். சார்மிலும் மும்மடங்கு கனத்த பொட்டம் குவார்க்கோ குறைவாகவே இழுபடுகின்றது.

முற்றாகச் சமநிலை அடைந்த துணிக்கை தான் வந்த வழியை மறந்துவிடும். பாதி மறந்து பாதி நினைவோடு வெளிவருவதே வழியின் தன்மையைச் சொல்லும். கனத்த குவார்க்கை அறிஞர் தேடுவதன் காரணம் இதுவே.