பேரேடு யார் கையில்?

என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் ஃபார்வர்டிங் கிராணியாக இருந்தவர். ‘சரக்கு வந்திடும்பா, பேப்பர்தான் வராது’ என்பார். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கண்டெய்னர் நகராது. பிளாக்செயினின் வரலாற்றைப் படித்தபோது அந்தப் புலம்பல்தான் கூடவே வந்தது.

1991இல் ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள், மின் ஆவணத்தின் தேதியை யாரும் பின்னால் மாற்றிவிடாதபடி பதிவுகளைச் சங்கிலியாகக் கோக்கும் வழியை எழுதினார்கள். ஒன்றைத் திருத்தினால் அடுத்த பதிவே காட்டிக்கொடுத்துவிடும். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரை இந்த யோசனையைப் பணத்துக்குக் கொண்டுபோனது. பேரேட்டின் பிரதி எல்லாரிடமும் இருந்தால் நடுவில் வங்கி எதற்கு?

கப்பல் தொழிலுக்கும் இந்த ஆசை வந்தது. 2014இல் மேர்ஸ்க் நிறுவனம், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் குளிரூட்டிய சரக்கு ஒன்றைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஏறக்குறைய 30 பேரையும் நிறுவனங்களையும் அது தாண்ட வேண்டியிருந்தது. அவர்களுக்குள் 200க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள். அப்பா சொன்னது பொய்யில்லை.

2018இல் மேர்ஸ்க், ஐபிஎம்முடன் சேர்ந்து டிரேட்லென்ஸைத் தொடங்கியது. சுங்கம், துறைமுகம், கப்பல், ஏற்றுமதியாளர் எல்லாரும் ஒரே பிளாக்செயினில் சரக்கின் பயணத்தைப் பதியலாம், பார்க்கலாம். சிங்கப்பூரின் பிஎஸ்ஏ தொடக்கத்திலேயே சேர்ந்தது. ஆனால் மற்ற கப்பல் நிறுவனங்கள் தயங்கின. போட்டிக்காரன் வீட்டுப் பேரேட்டில் என் வியாபாரத்தை நான் ஏன் எழுதணும்? நியாயமான கேள்விதானே. 2019இல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்ற பெரிய நிறுவனங்கள் உள்ளே வந்தன. இன்னொரு பக்கம் காஸ்கோவும் வேறு சிலரும் ஹாங்காங்கில் தங்களுக்கென ஜிஎஸ்பிஎன் என்ற தனிப் பிளாக்செயின் அமைப்பை உருவாக்கினார்கள். ஒரே பேரேடு என்ற கனவு அங்கேயே உடைந்தது.

2022 நவம்பரில் மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் டிரேட்லென்ஸை மூடப்போவதாக அறிவித்தன. உலகளாவிய முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். தொழில்நுட்பம் ஓடவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

யாரையும் நம்பத் தேவையில்லை என்று சொல்லி வந்த தொழில்நுட்பம் அது. எழுதியதை யாரும் மாற்ற முடியாது என்று அதனால் காட்ட முடிந்தது. ஒரே பேரேட்டில் எழுத எல்லாரையும் சம்மதிக்க வைக்க அதனால் முடியவில்லை.

அப்பாவிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. சுங்கக் கிராணிகள், லோரி டிரைவர்கள், கிடங்குக் காவலர்கள் என எல்லார் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். பேப்பர் சிக்கிக்கொண்டால் அதைத்தான் திறப்பார். அவர்கள் அவர் குரலுக்குப் பதில் சொன்னார்கள்.