மெட்டில் சிக்கிய சொல்

மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் யொருபா மக்களின் மொழியில் 'ஒக்கோ' என்றால் கணவன். அதே 'ஒக்கோ' மண்வெட்டியையும் குறிக்கும், ஈட்டியையும் குறிக்கும், படகையும் குறிக்கும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே சமனாக நிற்கிறது என்பதைக் கொண்டே கேட்பவர் பொருளை உணர்ந்துகொள்கிறார். மேல், இடை, கீழ் என்னும் மூன்று குரல்நிலைகளே அம்மொழியின் உயிர். தமிழில் 'வா' என்னும் சொல்லை எந்தச் சுருதியில் சொன்னாலும் அது அழைப்புதான். கோபமோ கனிவோ கூடலாம், குறையலாம், பொருள் மாறாது. அங்கே பொருளே மாறிவிடும்.

இத்தகைய மொழியின் சொற்களை எடுத்து, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மெட்டில் ஏற்றிப் பாடினால் என்ன நேரும்? சொல் இறங்க வேண்டிய இடத்தில் மெட்டு ஏறும். சொல் ஏற வேண்டிய இடத்தில் மெட்டு இறங்கும். கணவன் மண்வெட்டியாவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டு மூன்று தலைமுறையினர், தங்கள் காதுக்கே பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஒலித்த பாடல்களைப் பக்தியோடு பாடிவந்தனர். இன்று உலகெங்கும் கேட்கப்படும் நைஜீரிய நற்செய்தி இசையின் வரலாறு, காதில் விழுந்த இந்த நெருடலில்தான் தொடங்குகிறது என்பது நம் கருத்து.

மறைபரப்பாளர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. யொருபா மொழியில் விவிலியம் உருவாக வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் அம்மண்ணின் மைந்தரான சாமுவேல் அஜாயி கிரௌதர். சிறுவனாக இருந்தபோது அடிமை வணிகரிடம் சிக்கி, 1822-இல் பிரித்தானியக் கப்பற்படையால் மீட்கப்பட்டு, 1864-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானவர் அவர். சொற்கள் அந்த மண்ணின் சொற்களாயின. மெட்டுகள் மட்டும் கப்பலில் வந்தவை. கிரௌதரின் இறுதிக் காலத்தில் அவருடைய பணியாளர்கள்மீது இளைய ஐரோப்பிய மறைபரப்பாளர்கள் ஐயம் கொண்டு, பொறுப்புகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். மனம் நொந்த அம்முதியவர் 1891-இன் கடைசி நாளில் காலமானார். அக்காலத்திலேயே லாகோஸ் நகரில் ஆப்பிரிக்கர்களே நடத்தும் தனித்த சபைகள் தோன்றத் தொடங்கின. 'எங்கள் ஆலயத்தில் எங்கள் குரல் எங்கே?' என்ற வினா அவற்றுள் எழுந்தது.

அந்த வினாவுக்குப் பாட்டாலேயே விடை சொல்ல முயன்றவர் அபெயொகுட்டா நகரைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் குரு ஜோசையா ரான்சம்-குட்டி (1855-1930). மக்களிடையே வழங்கிவந்த நாட்டுப்புற மெட்டுகளில் இறைப்புகழைப் பாடி அவர் ஊர் ஊராகச் சென்றார். பாடும் குரு என்றே மக்கள் அவரை அழைத்தனர். 1920களில் லண்டனில் சோனோஃபோன் நிறுவனத்துக்காக அவர் பாடிய நாற்பதுக்கும் மேற்பட்ட யொருபாப் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. நைஜீரியரின் குரலில் பதிவான மிகப் பழைய இசைத்தட்டுகளில் இவையும் அடங்கும். இக்குருவின் பேரன்தான், கிறிஸ்தவத்தை அந்நியர் சரக்கென்று எள்ளி நகைத்து, 'ரான்சம்' என்னும் பெயரையும் உதறிய புகழ்பெற்ற பாடகர் ஃபேலா குட்டி. பாட்டனார் ஆலயத்துக்குள் கொண்டுவந்த நாட்டு மெட்டைப் பேரன் தெருவுக்கே திருப்பிக் கொண்டுபோனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ரான்சம்-குட்டி உள்ளுணர்வால் செய்ததை இலக்கணமாக்கியவர் எக்குண்டாயோ ஃபிலிப்ஸ். லண்டனில் இசை பயின்று திரும்பி, 1914 முதல் 1962 வரை லாகோஸ் கிறிஸ்து பேராலயத்தில் ஆர்கன் இசைப்பவராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் பணியாற்றியவர் அவர். சொல்லின் ஏற்ற இறக்கத்துக்கு மெட்டு பணிந்து செல்ல வேண்டும் என்னும் நெறியில் இசையமைத்தார். 1953-இல் யொருபா இசையைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய முயற்சிகள் பேராலயத்தின் வாயிற்படியைத் தாண்டி எளிய மக்களிடம் பெரிதாகச் சென்று சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எளிய மக்கள் வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தனர்.

1918-ஆம் ஆண்டின் கொடிய காய்ச்சலில் ஆலயங்கள் மூடப்பட்டன, மருந்து பலிக்கவில்லை. சிறு சிறு செபக்குழுக்கள் கூடின. 'செபிப்பவர்' எனப் பொருள்படும் 'அலாதுரா' என்னும் பெயர் அவற்றுக்கு வந்தது. 1925-இல் கெரூபிம் செராபிம் சபையும், 1930-இல் இலேஷா நகரில் ஜோசப் பாபலோலா என்பவரின் பெரும் எழுப்புதலும் இதன் தொடர்ச்சி. வெண்ணிற அங்கி, வெறுங்கால், கைத்தட்டல், ஆடல். எல்லாவற்றுக்கும் மேலாக முழவு. யொருபா மக்களின் பேசும் முழவு பெயருக்கு மட்டும் பேசுவதன்று. இடுக்கில் அணைத்து, கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அடிக்கையில் அது மொழியின் மூன்று குரல்நிலைகளையும் அப்படியே ஒலிக்கும்; கேட்பவருக்குச் சொல் விளங்கும். பழைய தெய்வங்களின் புகழை அந்த முழவு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் மறைபரப்பாளர் அதை ஆலய வாயிலிலேயே நிறுத்தினர். அவர்கள் அஞ்சியதில் நியாயமும் இருந்தது. ஆயினும் மொழியை அறிந்த ஒரே இசைக்கருவியை வெளியே நிறுத்திவிட்டு, மொழியறியா ஆர்கனை உள்ளே வைத்திருந்தனர். அலாதுரா மக்கள் முழவின் வாயில் வேறு பெயரை வைத்தனர், அவ்வளவுதான்.

நம் கத்தோலிக்கத் திருச்சபை இதில் சற்றுப் பிந்தியே வந்தது. திருப்பலி இலத்தீனில் நடந்ததால் மொழியின் நெருடல் நம்மவரை அத்தனை உறுத்தவில்லை போலும். 1947-இல் ஓயே-எக்கிட்டி என்னும் ஊரில் கெவின் கரோல் என்னும் குரு, யொருபாச் சிற்பிகளைக் கொண்டு கிறிஸ்து பிறப்புக் காட்சிகளையும் ஆலயக் கதவுகளையும் மரத்தில் செதுக்குவித்தார். கண்ணுக்குக் கிடைத்த இந்த உரிமை காதுக்குக் கிடைக்கப் பல்லாண்டு ஆயிற்று. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்களினங்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கப் பணித்தது. தமிழில் நாம் திருப்பலிப் பாடல்களை இன்று பாடுவதும் அதே ஏட்டின் கொடைதான்.

இக்போ மக்கள் வாழும் கிழக்கு நைஜீரியாவுக்கு இப்போது வருவோம். அங்கே கத்தோலிக்கர் பெருந்தொகையினர். ஆனால் நாம் அங்கே முதலில் சந்திக்க விரும்புவது ஒரு மெதடிஸ்டு சகோதரரை. 1905-இல் பிறந்த ஐக்கோலி ஹார்க்கோர்ட் வைட், பள்ளியில் படிக்கும் பருவத்திலேயே தொழுநோய்க்கு ஆளானார். போர்ட் ஹார்க்கோர்ட் நகர மருத்துவமனையில் நோயாளர் பலரோடு ஒதுக்கி வைக்கப்பட்டார். அங்கேயே ஒரு பாடகர் குழுவை உருவாக்கினார். 1920களின் இறுதியில் நோயாளரை அவரவர் ஊருக்கே கலைத்து அனுப்ப அதிகாரிகள் முற்பட்டபோது, பல மொழி பேசிய அந்த நோயாளர் ஒன்றாக நின்று மறுத்தனர்; அவர்களுக்கு முன்னின்றவர் இந்த இளைஞர். பிற்காலத்தில் ஓலா ரோட்டிமி என்னும் நாடகாசிரியர் இப்போராட்டத்தை ஒரு நாடகமாக்கி, 'உயிரோடிருக்கும் இறந்தோரின் நம்பிக்கைகள்' எனப் பொருள்படும் தலைப்பிட்டார்.

1932-இல் உசுவாகோலி என்னும் ஊரில் மெதடிஸ்டு மறைபரப்பாளர் பொறுப்பில் அமைந்த தொழுநோய்க் குடியிருப்புக்கு ஹார்க்கோர்ட் வைட் சென்றார். அங்கே மருத்துவராக இருந்த ஃபிராங்க் டேவி இசையிலும் ஈடுபாடுள்ளவர். பாடகர் குழுவுக்கு ஊக்கமளித்தார். ஹார்க்கோர்ட் வைட்டின் தாய்மொழி இக்போ அன்று, கலபாரி. ஆயினும் அவர் இக்போ மொழியில் பாடல்கள் இயற்றினார். அம்மொழியும் குரல்நிலைகளால் பொருள் மாறுவதே. 'அக்வா' என்பதைச் சொல்லும் விதத்தில் சொன்னால் அது அழுகை. வேறுவிதமாகச் சொன்னால் துணி, முட்டை, படுக்கை. அழுகையைப் பாட வேண்டியவருக்கு மெட்டு தவறினால் முட்டை வந்து நிற்கும்! பிற மொழியில் பிறந்த காதாக இருந்ததால்தானோ என்னவோ, சொல்லின் ஏற்ற இறக்கத்தை அவர் அத்தனை நுட்பமாகக் கவனித்தார். நான்கு குரல்களில் இணைந்து பாடும் முறையைத் துதிப்பாடல் புத்தகங்களிலிருந்து கற்றார். பாடலின் நடையையும் ஓசையையும் மக்களிடமிருந்து எடுத்தார். விரல்கள் குன்றியவர்களுக்குக் கருவி எதற்கு? குரல்கள் போதுமாயிருந்தன. 1940களில் சல்ஃபோன் மருந்துகள் அங்கே கையாளப்பட்டபின் நோய் குணமாகும் வழி திறந்தது. குணமான பின்னும் அவர் பாடற்பணியை விடவில்லை. 1977-இல் ஒரு வாகன விபத்தில் காலமாகும்வரை இயற்றிக்கொண்டே இருந்தார்.

அப்பாடல்களின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது. இக்போ மக்கள் நாற்புறமும் முற்றுகையிடப்பட்டனர். இலட்சக்கணக்கானோர், பெரும்பாலும் குழந்தைகள், பசியால் மடிந்தனர். ஊலி என்னும் இடத்தில் சாலையையே ஓடுதளமாக்கி, இரவின் இருளில் திருச்சபைகளின் உதவி விமானங்கள் உணவோடு இறங்கின. அந்நாள்களில் தொழுநோயாளர் ஒருவர் இயற்றிய பாடல்கள் மெதடிஸ்டு, கத்தோலிக்கர் என்ற பிரிவின்றி ஒரு மக்களினத்துக்கே ஆறுதலாயின. துன்பத்தை மறைக்காமல் பாடியவை அவை. ஊரால் விலக்கப்பட்டவரின் வாயிலிருந்து பிறந்தவையாதலால், உலகால் கைவிடப்பட்டவர்களுக்குப் பொருந்தின.

போர் முடிந்ததும் கிழக்கிலிருந்த வெளிநாட்டுக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். மறைமாவட்டங்களின் சுமை உள்நாட்டுக் குருக்களின் தோள்களுக்கு ஒருசேர வந்தது. அதனால் இக்போத் திருவழிபாடும் விரைந்து வளர்ந்தது. காணிக்கைப் பவனியில் மக்கள் கிழங்கும் கோழியும் ஏந்தி ஆடிவருவது இன்று அங்கே இயல்பான காட்சி. இடிபாடுகளினூடே இளைஞரிடையே எழுந்த மறுமலர்ச்சிக் கூட்டங்கள் கிதார் இசையோடு கூடிய பாடல்களைப் பரப்பின. மேற்கே இபதானில் கிறிஸ்து அப்போஸ்தலச் சபையின் நல்ல பெண்கள் பாடகர் குழு, ஃபசோயின் அம்மையாரின் தலைமையில், ஆண்டு முடிவின் நன்றிப்பாடல் ஒன்றை 1970களின் பிற்பகுதியில் இசைத்தட்டாக வெளியிட்டது. முழவும் பெண்குரலும் தவிர வேறு அலங்காரம் இல்லாத அப்பாடல் இன்றளவும் டிசம்பர் மாதம் முழுவதும் தெருக்களில் கேட்கிறது.

1986-இல் அரசு மேற்கொண்ட பொருளாதாரச் சீரமைப்பால் நாட்டின் நாணயம் மதிப்பிழந்தது. இசைக்கருவிகள் கைக்கெட்டா விலைக்குப் போயின; இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர்கள் வேலையிழந்தனர். கருவி வாங்கும் வசதி எஞ்சியிருந்த இடங்களுள் பெரிய பெந்தெகொஸ்தே சபைகள் முதன்மையானவை. இளம் கலைஞர்களுக்குப் பள்ளிக்கூடமும் மேடையும் அவையே ஆயின. ஒலிநாடாக் கடைகளில் நற்செய்திப் பாடல்கள் குவிந்தன. வறுமை சூழ்ந்த காலத்தில் செழுமையை வாக்களிக்கும் போதனை அங்கே ஓங்கியது. பாடல்களும் அதையே எதிரொலித்தன. ஹார்க்கோர்ட் வைட்டின் பாடல்களில் அழுகைக்கு இடமிருந்தது. புதிய பாடல்களில் வெற்றிக்கே இடமிருந்தது. இந்த மாற்றம் ஓசையில் ஏற்பட்ட மாற்றத்தைவிடப் பெரியது என்று நமக்குத் தோன்றுகிறது.

2015-இன் இறுதியில் சினாச் என்னும் பாடகி வெளியிட்ட 'வே மேக்கர்' என்னும் ஆங்கிலப் பாடல், 2020-இல் பெருந்தொற்று உலகை அடைத்துப் போட்டபோது, கண்டம்விட்டுக் கண்டம் பரவியது. அவ்வாண்டே அமெரிக்காவின் டவ் விருதுகளில் ஆண்டின் சிறந்த பாடலாகத் தேர்வாயிற்று. நம் ஊர்ச் செபக்கூட்டங்களிலும் அந்த மெட்டு கேட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மெட்டைக் கப்பலில் பெற்ற கடற்கரை, இப்போது மெட்டை உலகுக்கு அனுப்புகிறது. மகிழத்தக்கதே. ஆனால் அனுப்பப்பட்ட பாடலில் குரல்நிலைகள் இல்லை, முழவும் இல்லை. எந்த நாட்டவரும் எளிதில் பாடத்தக்க நாலைந்து சுரங்களே உண்டு. சொந்த மொழியின் ஏற்ற இறக்கத்தை இறக்கி வைத்தபின்தான் அதனால் கடல்தாண்ட முடிந்தது.

எனினும் மொழி விட்டுப்போகவில்லை. 2017-இல் வெளிவந்த 'எக்வூமே' என்னும் பாடல், 'சொன்னதைச் செய்பவர்' என்று இறைவனை இக்போ மொழியில் அழைக்கிறது. அதில் ஒசினாச்சி நவாச்சுக்வு என்னும் பெண்ணின் குரலைக் கேட்டவர்கள், போர்க்காலத்தின் பழைய ஆழம் திரும்பிவிட்டதென்றே எண்ணினர். அழுகையும் நம்பிக்கையும் பிரித்தறிய முடியாதபடி கலந்த குரல் அது. 2022 ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் இறந்தார். கணவரின் கொடுமையை அவர் நெடுங்காலம் தாங்கி வந்தார் என்னும் செய்தி அதன் பின்னரே நாடெங்கும் பரவியது. திருமணத்தில் அடிபடும் பெண் பொறுத்துக்கொண்டு செபிக்க வேண்டும் என்னும் பழைய அறிவுரையைப் பற்றி மேடைகளிலும் இல்லங்களிலும் கடுமையான விவாதம் எழுந்தது. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் அபுஜா உயர் நீதிமன்றம் அவருடைய கணவரைக் குற்றவாளி எனக் கண்டு மரணதண்டனை விதித்தது.

அவர் பாடியதைக் கேட்டு எழுந்து நின்று கைகளை உயர்த்தியவர்கள் ஆயிரமாயிரம் பேர். குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள் என்று பிறவியிலேயே கேட்டறிந்த செவிகள் அவை. 'எக்வூமே' இன்றும் ஞாயிறுதோறும் அந்நாட்டின் ஆலயங்களில் பாடப்படுகிறது. உசுவாகோலியில் பிறந்த பாடல்களை இக்போ மக்கள் இறந்தோரை அடக்கம் செய்யும் வேளைகளில் இன்றும் பாடுகின்றனர்.