நாடித்துடிப்பும் ஓட்டக் களமும்

ஓட்ட வீரரைப் பழக்கும் கலையைப் பன்னெடுங்காலம் ஆண்டு வந்தது அனுபவம் ஒன்றே. ஆசான் ஓடிய வண்ணமே மாணவனும் ஓடினான். இந்நிலை இருபதாம் நூற்றாண்டில் மாறலாயிற்று. தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஆங்கில அறிஞர் ஏ. வி. ஹில், ஓடும் மனிதனுக்கு எவ்வளவு பிராணவாயு வேண்டுமென்பதை ஆராய்ந்தார். எனினும், ஆய்வுகூடத்திற் பிறந்த அறிவு தானே நடந்து மைதானத்துக்கு வந்துவிடுவதில்லை. அதனை அழைத்து வருவார் ஒருவர் வேண்டும்.

ஜேர்மனியில் அப்பணியைச் செய்தவர் இருவர். ஒருவர் வோல்டெமார் கேர்ஷ்லர் என்னும் பயிற்சியாளர்; மற்றவர் ஹேர்பேட் றைண்டெல் என்னும் இருதய வைத்தியர். அவர்கள் வகுத்த முறை எளிமையானது. வீரன் குறுகிய தூரமொன்றை விரைந்து ஓடுவான்; நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 அளவில் உயரும். பின்னர் இளைப்பாறுவான். 90 செக்கனுக்குள் துடிப்பு 120 ஆக இறங்கினால் மீண்டும் ஓடலாம். இறங்காவிடின், ஓட்டம் அளவு மீறியது என்பது பொருள். இளைப்பாறும் வேளையிலேயே இருதயம் வலுப்பெறுகின்றது என்பது அவர்தம் கொள்கை. இன்னும் ஓடு என்று அதட்டுவதற்குப் பதிலாக, இப்பொழுது நில் என்று சொல்லப் பயிற்சியாளனுக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

கேர்ஷ்லரின் மாணவர் றுடோல்ஃப் ஹார்பிக், 1939 யூலையில் மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி, முன்னைய உலக சாதனையை 1.8 செக்கனால் முறியடித்தார். 1944இல் அவர் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய சாதனையோ 1955 வரை நிலைத்து நின்றது.

ஆயினும் எண்களே வேதமாகிவிடவில்லை. நியூசிலாந்தில் ஆதர் லிடியாட் என்னும் சப்பாத்துத் தொழிலாளி, எந்த ஆய்வுகூடத்தையும் நாடாது, தம் உடலையே சோதனைப் பொருளாக்கினார். வாரத்துக்கு 100 மைல் ஓடுவது நடுத்தூர வீரனுக்கும் நன்மை பயக்கும் என்று கண்டார். அவருடைய மாணவர் பீற்றர் சினெல், 1960இல் றோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றர் ஓட்டத்தில் வென்றார். 1962இல் அதே தூரத்தை 1 நிமிடம் 44.3 செக்கனில் ஓடி உலக சாதனையும் படைத்தார்.

அப்படியாயின் அறிவியல் தோற்றதா? இல்லை. ஓட்டத்தை விட்ட பின்னர் சினெல் அமெரிக்கா சென்று, நடுவயதிற் கல்வியை மீண்டும் தொடங்கி, உடற்பயிற்சி உடற்றொழிலியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாம் கால்களால் அறிந்ததன் காரணத்தை அறிவால் அறிய முற்பட்டார். நெடிய ஓட்டம் தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்களைப் பெருக்குகின்றது என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் நிறுவின.

ஜேர்மனியில் ஆய்வு முன் சென்றது. அனுபவம் பின் தொடர்ந்தது. நியூசிலாந்தில் அனுபவம் முந்திற்று. ஆய்வு பின்னர் விளக்கம் தந்தது. எவ்வழி வரினும், அளவுகோல் ஒரு கையிலும் எதிரே நிற்கும் மனிதன் கண்ணிலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மறந்த பயிற்சி, வீரனை வளர்ப்பதற்குப் பதிலாக வாட்டிவிடும்.